ஊதாக் கைக்குட்டையை நான் தொலைத்த விதம்

நாற்பத்திரண்டு வருஷமாக எங்கள் ஊரில் நான்தான் போட்டோக்காரன். அதில் முப்பது வருஷம் பிலிம். எடுத்த சுருளை பஸ்ஸில் இலொய்லோ டவுனுக்கு அனுப்புவேன். அங்கே யாரோ ஒரு லேப்காரன் கலரைச் சரிபார்த்துக் கழுவி அனுப்புவான். ஜனங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, “மனோங் தெரியோ கை பட்டா வாழை இலைகூடப் பளபளன்னு இருக்கு” என்பார்கள். மனோங் என்றால் அண்ணன்; தெரியோ என் பெயர். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொள்வேன். அந்த லேப்காரன் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

கப்பலில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ரெனாட்டோ ஒரு டிஜிட்டல் கேமராவும், தான் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரும் அனுப்பினான். லேப்காரன் இல்லாமல் நான் யார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

படிப்பு எனக்கு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் உறவு முறை கேட்டால் விடமாட்டேன். எங்கள் தாத்தா மக்காரியோ நோப்லேசாவுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவர் பெலிப்பே, எங்கள் அப்பா. கடைசி, சில்வெரியோ சித்தப்பா. அவர் மகன் இஸ்கோ, எனக்கு இரண்டு வயது மூத்தவன். நடுவில் இருக்கும் மூன்று பேரைச் சொல்ல ஆரம்பித்தால் அரிசி குழைந்துவிடும். விடுகிறேன். குடும்பக்கூட்டம் நடந்தால் ஐந்து கிளைக்கும் ஐந்து கலர் பனியன் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் கிளைக்கு நீலம். இஸ்கோ கிளைக்கு ஊதா.

அந்த இரண்டு கிளைக்கும் பத்தொன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. தாத்தா வீட்டில் கும்பிட்டுவந்த சான் விசெந்தே புனிதர் சிலை அப்பா செத்ததும் இஸ்கோ வீட்டுக்குப் போயிற்று. என் அக்கா பூரிங், ஊரே மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறவள், நடுத்தெருவில் நின்று அவனைத் திருடன் என்றாள். இடையில் இஸ்கோவின் மனைவி மார்செலினா இறந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அக்காவுக்கு அவள் தோழி. அக்கா அந்தச் சாவுக்கும் போகவில்லை.

போன மே மாதம் கூட்டத்துக்கு இரண்டு கிளையும் வந்தன. பள்ளிக்கூடப் படிக்கட்டில் நூற்று நாற்பத்து மூன்று பேர். நான் கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்தபோது அக்கா வந்து கையை விரித்துக் காட்டினாள். ஊதாக் கைக்குட்டை, ஓரத்தில் வெள்ளைப் பின்னல்.

“மார்செலினா குடுத்ததுடா. நீ பட்டனை அமுக்கற நேரத்துல கழுத்துல கட்டிக்குவேன். அவ சாவுக்கு நான் போகல. அதை அவன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வராது. திருவிழாவுக்குப் படத்தைப் பெருசாக்கிக் கோயில்ல மாட்டுவாங்கல்ல? அங்கதானே அவன் தினம் விளக்கேத்துறான். நீலத்துக்கு நடுவுல ஒரே ஒரு ஊதா. பாத்தா அவனுக்குப் புரியும்.”

“அதோ நிக்கிறாரு. இப்பவே காட்டேன் மனாங்.”

“என் பக்கம் திரும்பினாத்தானே? காலைலேருந்து சுட்ட பன்னியைப் பாக்குறான், மாமரத்தைப் பாக்குறான், பாதிரியார் செருப்பைப் பாக்குறான். நீ கலரை மட்டும் ஒழுங்கா கொண்டா.”

“கலரா? யார்கிட்ட சொல்ற? அந்த ஊதா கத்தும் பாரு.”

கேமரா தானே எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய் நீலக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். மூச்சு வாங்கியதில் என் வாய் திறந்தபடி விழுந்திருக்கிறது. மற்றபடி படம் அருமை. அன்றைக்கே நான் அதை விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கம்ப்யூட்டரில் பார்த்தால் கைக்குட்டை விரல் நக அளவு இருந்தது. கத்தவில்லை, முனகியது. திரையில் ஒரு கோடு, கோட்டில் ஒரு குமிழ். வலப்பக்கம் இழுத்தால் கலர் ஏறும். இழுத்தேன். ஊதா ஏறியதும் பக்கத்து நீலம் சோகையாகத் தெரிந்தது. அதையும் இழுத்தேன். நீலம் ஏறியதும் முகங்கள் காய்ச்சல்காரர் முகம்போல வெளுத்தன. சிவப்பை இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர், பழைய படத்தின்மேலேயே எழுதிவிடட்டுமா என்று கேட்டது. எழுது என்றேன். என் ஆயுசில் யாரும் என்னிடம் இத்தனை மரியாதையாக அனுமதி கேட்டதில்லை. பதினோரு தடவை கொடுத்தேன். நடுவில் ஒரு ஞானஸ்நானம் வந்தது. மெமரி கார்டில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அந்தப் படங்களை அதில் எடுத்தேன்.

சந்தையில் ப்ளெக்ஸ் அடிக்கும் கடை பெலெனுடையது. என் மகள் வயது. படத்தைத் திறந்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“மனோங், முதல்ல ஒரு சாண் அகலத்துக்கு சாம்பிள் அடிச்சுப் பாத்துடலாமே?”

“நாப்பது வருஷமா கலரோட குடும்பம் நடத்துறவன் நான். எனக்கு சாம்பிளா?”

“திரையில தெரியறது வெளிச்சம் மனோங். துணியில விழறது மை. வெளிச்சம் போற இடத்துக்கெல்லாம் மை போகாது. நீலத்தை இவ்வளவு ஏத்தியிருக்கீங்க, அது அங்க வேற கலரா…”

“பத்தடியும் அடி பெலென்.”

அடித்தாள். மெஷினிலிருந்து முதலில் வானம் வந்தது. பிறகு மாமரம். சிவப்புக் கிளை வந்தது, மஞ்சள் வந்தது, பச்சை வந்தது, ஊதா வந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம் ஊதா வந்தது. எங்கள் கிளை முப்பத்தொரு பேரும் இஸ்கோ வீட்டு ஆட்களாகிவிட்டிருந்தார்கள். அக்கா கழுத்தில் ஊதாமேல் ஊதா. கைக்குட்டையைக் காணவில்லை.

கடைக்கு வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, “உங்க கிளை மட்டும் வரலையா மனோங்? பாவம்” என்றார்.

“ஒரிஜினலைக் குடுங்க. புதுசா ஆரம்பிக்கலாம்” என்றாள் பெலென்.

“இதுதான் ஒரிஜினல்.”

“கார்டுல?”

“அதுல இப்ப ஒரு பாப்பா அழுதுட்டிருக்கு.”

அவள் தன் திரையில் குமிழை இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தாள். எங்கள் கிளை நீலத்துக்குத் திரும்பியது. கூடவே இஸ்கோ கிளையும் நீலத்துக்கு வந்து சேர்ந்தது. “நிஜக் கலர் என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கைக்குட்டையும் ஒரு நீல பனியனும் வேணும். பக்கத்துல வெச்சு வெச்சுத்தான் மையை மாத்த முடியும். நாளான்னிக்குத் திருவிழா மனோங்.”

அக்கா வீட்டுக்குப் போனேன். பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மனாங், அந்தக் கைக்குட்டை கொஞ்சம் வேணும்.”

“எதுக்கு?”

“சும்மா.”

“எழுபத்தொரு வயசுல உனக்கு என்னடா சும்மா?”

சொல்லிவிட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

“அப்ப அந்தப் படத்துல நானும் ஊதாவா?”

“நானுந்தான் மனாங்.”

“அப்பா இருந்தா அந்த சான் விசெந்தேயைத் தூக்கி உன் தலையில போட்டிருப்பாரு.”

கைக்குட்டையை என்னை நம்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கூடவே கிளம்பினாள்.

கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாமே பச்சையடிக்கும் என்று பெலென் எங்களை வாசல் வெயிலில் நிறுத்தினாள். நான் நீலப் பனியனோடு சுவரை ஒட்டி நின்றேன். அசையக்கூடாது என்று உத்தரவு. என் நெஞ்சில் ஒரு சாம்பிள், அக்கா கைக்குட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பிள். முதலாவது கறுத்தது. இரண்டாவது வெளுத்தது. மூன்றாவதில் நான் கடல்பாசி மாதிரி இருப்பதாக அக்கா சொன்னாள். நான்காவதும் ஐந்தாவதும் வந்து கையில் இருந்தபோது ஒரு டிரைசைக்கிள் நின்றது. கோயிலில் மாட்ட ப்ளெக்ஸை வாங்கிப் போக இஸ்கோ இறங்கினான்.

அக்காவின் இரண்டு கையிலும் ஊதா. மறைக்க மூன்றாவது கை இல்லை.

இஸ்கோ மாமரத்தைத் தேடினான். சந்தையில் ஏது மாமரம்? மெதுவாகக் கிட்டே வந்தான். கைக்குட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான்.

“இது மார்செலினா பின்னல்.”

“ம்.”

“கலியாணத்துக்கு முந்தி போட்டது.”

“எனக்குத்தான் போட்டா” என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, “நான் வந்திருக்கணும் இஸ்கோ” என்றாள்.

அவன் அவளுடைய மற்ற கையிலிருந்த சாம்பிளை வாங்கி வெயிலில் பிடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான்.

“இது சரியில்ல மனாங். இன்னும் கொஞ்சம் சிவப்பு வேணும். அவளோட ஊதா இப்படி அழுக்கா இருக்காது.”

“உனக்குக் கண்ணு போச்சு. அஞ்சாவதைப் பாரு.”

“அஞ்சாவது கத்திரிக்கா மாதிரி இருக்கு.”

“கத்திரிக்கா உன் வீட்டுல அப்படியா இருக்கும்? பெலென், நீ சொல்லு!”

அரை மணி நேரம் சண்டை. பத்தொன்பது வருஷம் கழித்து அவன் அவளை மனாங் என்று கூப்பிட்டதை அவர்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் எனக்குத்தான் அசையக்கூடாது என்று உத்தரவாயிற்றே. பெலென் ஆறாவது அடித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

திருவிழாவன்று படம் கோயில் சுவரில் தொங்கியது. நீலம் நீலமாக, ஊதா ஊதாவாக, அக்கா கழுத்தில் ஒரு சின்ன ஊதா. முகங்களை மட்டும் பெலெனால் மீட்க முடியவில்லை. நான் சிவப்பை இழுத்தது இழுத்ததுதான். நூற்று நாற்பத்து மூன்று பேரும் வேகவைத்த இறால் மாதிரி இருந்தோம். ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்த இறால் நான்.

வெளியூர்ச் சொந்தம் ஒருத்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “யாரு எடுத்த படம் இது?” என்று கேட்டாள்.

“என் தம்பி எடுத்தது” என்றாள் அக்கா.

பக்கத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த இஸ்கோ அவசரமாகத் திரும்பினான். “படம்தான் அவன். கலர் நாங்க ரெண்டு பேரும் பாத்தது.”