வற்றுவதற்காகக் காத்திருக்கும் ஒரு நீர்க்கட்டி

"வலது சினைப்பையில் நீர்க்கட்டி. ஆறு வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன்." பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் செவ்வாய்க்கிழமை எழுதித் தந்தது இவ்வளவே. அன்று டிராமில் போகும்போதே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்திருந்தேன். திண்டிவனம் ஸ்கேன் சென்டர்களில் அதுதான் வழக்கம். சிறுநீர் முட்டினால்தான் உள்ளே கூப்பிடுவார்கள். இங்கே செவிலியர் கழிப்பறையைக் காட்டினார். உபசாரம் என்று நினைத்து, "பரவாயில்லை, அடக்கிக்கொள்வேன்" என்றேன். "ஐயோ மதாம், எதற்கு?" என்று சிரித்தார். கருவியை உள்ளே செலுத்திப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டுமாம்.

மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். மாதந்தோறும் கருமுட்டை வளரும் சிறு பை சில சமயம் வெடிக்காமல் நீர் கோத்து வீங்கும். முட்டை வெளியேறிய பிறகு மூடிக்கொண்டும் வீங்கும். இவை பெரும்பாலும் தாமாகவே வற்றிவிடும். முடியும் கொழுப்பும், சிலவற்றில் பல்லும் இருக்கும் டெர்மாய்டு வற்றாது. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து, பழைய இரத்தம் தேங்கினால் அது சாக்லேட் கட்டி. என்னுடையது தானாக வற்றும் முதல் வகையாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒலக்கூரில் இருக்கும் என் அக்கா ஸ்டெல்லாவுக்கு வந்தது டெர்மாய்டு. கடலை வயலில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவள் திடீர் வலியில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள். கட்டியின் கனத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. விழுப்புரத்தில் அதையும் சேர்த்து எடுத்துத்தான் அவளைக் காப்பாற்றினார்கள். அந்தப் பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை. நான் போனில் விஷயத்தைச் சொன்னதும் பொரிந்தாள்.

"இன்னாடி, வயித்துல கட்டிய வச்சிக்கினு அங்கயே குந்திக்கினு இருக்க? ஜல்தி டிக்கெட் போடு. விழுப்புரத்துல எடுத்துடலாம்."

"எடுத்துட்டா திருப்பி வைப்பாங்களாக்கா? எனக்கு இன்னும் புள்ள பொறக்கல."

"பிரான்சு போயும் உன் வாய் மட்டும் கொறையல. வலி வந்தா?"

"ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போறேன், சத்தியமா."

டிக்கெட் போடவில்லை. காத்திருப்பதென்று முடிவு செய்துவிட்டேன். இங்கே அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் பதினைந்து. அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனாலும் நேற்றிரவு அடிவயிறு லேசாகச் சுண்டி இழுத்தபோது, விரல் தானாகத் தேடிப்போனது ஒலக்கூர் எண்ணைத்தான். அது வாயுதான், போய்விட்டது. கட்டி வற்றுகிறதா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படவில்லை.