அறுபதில் ஆடிய ஸ்டியரிங்

எனக்குப் பெண் பார்த்தது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த காலத்தில். காலையில் திறந்திருக்கும் ரோடு மதியம் மூடிக்கிடக்கும். குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருக்கும். நான் அப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் கடுக்காயும் இறக்குவதுதான் பிழைப்பு. அந்த வண்டியின் மேல் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கச்சிராயபாளையத்துக்குப் பெண் பார்க்கவும் அதிலேயே அம்மாவையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

பெண் காபி கொடுத்தாள். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவளுடைய அப்பா கரும்பு விவசாயி. வயலில் வேலை ஓய்ந்தால் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கோமுகி அணைக்குக் கிளம்பிவிடுவாராம். நாங்கள் புறப்படும் நேரத்தில் ரோட்டில் மரம் விழுந்த செய்தி வந்தது.

"வண்டி இங்கயே நிக்கட்டும் தம்பி. ரோடு தொறந்ததும் வந்து எடுத்துக்கினு போங்க" என்றார் அவர். நாங்கள் வரப்பு வழியே நடந்து ஊர் சேர்ந்தோம்.

ரோடு திறந்தபின் வண்டியை எடுக்கப் போனேன். எலவனாசூர்கோட்டையில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று பெண்ணின் அப்பாவும் ஏறிக்கொண்டார். கள்ளக்குறிச்சி வரை குண்டும் குழியுமான ரோடு, வண்டி சாதுவாக வந்தது. மெயின் ரோட்டில் ஏறியதும், மாமனாராகப் போகிறவருக்கு என் திறமையைக் காட்டலாமென்று அழுத்தினேன். முள் அறுபதைத் தொட்டதுமே ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. கூடவே என் இரண்டு கைகளும் முழங்கை வரை வெடவெடவென்று ஆடின. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாளே மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"உனக்குக் கை நடுங்குதாம். தண்ணி அடிக்கிற பழக்கம் ஜாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க. பொண்ணு குடுக்க மாட்டாங்களாம்."

கோலி சோடாவைத் தாண்டி எதையும் தொடாதவன் நான். பற்றிக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் போய் வாயை ஊதிக் காட்டவா முடியும்? வண்டி ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடித்தால்தான் மானமும் மிஞ்சும், கல்யாணமும் மிஞ்சும்.

கள்ளக்குறிச்சி மெக்கானிக் ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாக உலுக்கிப் பார்த்தார். காற்று சரி. நட்டுகள் இறுக்கம். பேரிங்கிலும் ஆட்டமில்லை, ஸ்டியரிங் ராடிலும் ஆட்டமில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. உனக்கு நெஜமாவே கை நடுங்குதா இன்னா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கே சந்தேகம் வந்து, கையை நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நாற்பதில் ஆடாதது அறுபதில் ஆடுகிறது. எண்பதை நெருங்கினால் அடங்குகிறது. அப்படியானால் கோளாறு சுற்றுகிற ஏதோ ஒன்றில்தான் இருக்க வேண்டும். முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றி மாட்டி ரோட்டில் ஏறினேன். அறுபதில் ஸ்டியரிங் அசையவே இல்லை. ஆட்டம் என் சீட்டுக்கு அடியில் போயிருந்தது! வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிக் குதிக்கலாம் போல இருந்தது.

பின்னால் போன சக்கரங்களைக் கழுவிப் பார்த்தேன். சேலத்தில் டயர் மாற்றியபோது, சுற்றுகையில் ஒரு பக்கம் கனம் கூடாமலிருக்க, விளிம்பில் ஈயத் துண்டுகளை அடித்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது அவை இருந்த தடம்தான் பளபளத்தது. பக்கத்தில் நெம்பிய கீறல்.

வண்டி என் கண்ணில் படாமல் நின்றது ஒரே இடத்தில்தான். அங்கே போய் இதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் நான் குடிகாரன். சொன்னால் அவர் வீட்டார் திருடர்கள். இரண்டிலும் எனக்குக் கல்யாணம் இல்லை.

ஆனாலும் போனேன், மாமாவை இழுத்துக்கொண்டு. பெண்ணின் அப்பா முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"என் கை இல்லீங்க, சக்கரம்தான் ஆடுச்சு. அதுல இருந்த ஈயத்த யாரோ கழட்டிக்கினு போயிட்டாங்க."

"அத யாரு எடுப்பாங்க?" என்றார், கூரையைப் பார்த்து. "போறவன் வர்றவன் எவனாவது எடுத்திருப்பான்."

உள்ளேயிருந்து பெண் வந்தாள். அப்பாவின் வலையை இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் நடுவே பொத்தென்று போட்டாள். வலையின் ஓரத்தில் கோத்த ஈயக் குண்டுகளுக்கு இடையே, இரும்புக் கொக்கியோடு, என் வண்டியின் துண்டுகள்.

"சும்மா ஒட்டிக்கினு இருக்குதுன்னு இவருதான் எடுத்தாரு. வேணாம்பான்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

அவர் அசடு வழிந்தார். "சக்கரத்துக்கு எதுக்குப்பா ஈயம்னு நெனச்சிட்டேன். ஆனா வலை இன்னாமா எறங்குது தெரியுமா!" மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவள் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று, இந்த முறை நன்றாக என்னைப் பார்த்தாள். என்னைப் பிடித்திருக்கிறதா என்று அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. இனிக் கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.