பத்து நாள் சல்யூட்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியின் வாசலில் ஒரு செக்யூரிட்டி இருந்தார். மை பூசிய மீசை, கஞ்சி போட்ட சட்டை. உள்ளே வருபவர்களின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அவர் பார்த்ததே கிடையாது. மூஞ்சியைப் பார்த்தே ஆளை எடைபோடும் மேதை. தொழிலாளிகளான எங்களுக்குப் பைச் சோதனை. கொரியா மேனேஜர்களுக்கு பூட்ஸ் காலைத் தரையில் அடித்து ஒரு சல்யூட்.

புதிதாக வந்த ஒருவருக்கும் பத்து நாளாக அந்தச் சல்யூட் விழுந்தது. பதினோராம் நாள் அவரே கூச்சத்துடன் பையைத் திறந்து நீட்டினார்.

"அண்ணே, நான் மணிப்பூர். வெல்டிங் லைன். என்னையும் செக் பண்ணுங்க."

செக்யூரிட்டிக்கு மீசை துடித்தது.

"அப்ப இன்னாத்துக்குடா பத்து நாளா சல்யூட் வாங்கிக்கினே?"

"நீங்கதானே அடிச்சீங்க?"

டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, பின்னால் நின்ற என்னிடம் திரும்பினார்.

"பாத்தியாப்பா, மூஞ்சிய வெச்சே ஏமாத்திக்கினு கீறான்! நமக்கு அல்லாரும் ஒண்ணுதான், ஆனா இவனுங்கள நம்பக் கூடாது."

இப்படியொரு மடையரை வேறெங்கும் கண்டதில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்தப் பத்து நாளும் கேன்டீன் வரிசையில் மணிப்பூர்க்காரருக்கு ஒதுங்கி வழிவிட்டவன் நான். பதினோராம் நாள் நான் நகரவில்லை.