மஞ்சள் போட்ட தெரு

நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், வரைபடப் பிரிவில் இருந்த ஒரே பெண்மணிக்குக் கலரக்கா என்று பெயர். தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தவள். கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் மென்பொருள் வந்தபோது, ஆண்பிள்ளைகள் எல்லாம் "அது யாருக்குப் புரியும்" என்று ஒதுங்கிக்கொள்ள, இவள்தான் அதனோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டாள். குழாய், சாக்கடை, தெருவிளக்கு என்று எது எங்கே இருந்தாலும் அவள் திரையில் தெரியும். எந்த நிறத்தை எங்கே போட்டால் கண்ணில் படும் என்பதில் அவள் கெட்டிக்காரி. இப்போது வயது ஐம்பத்திரண்டு.

மழைக்காலத்துக்கு முன்னால் வெள்ள அபாய வரைபடம் ஒன்று கேட்டார்கள். மேடு பள்ளம், வாய்க்காலின் அகலம், பழைய மழைக் கணக்கு எல்லாவற்றையும் போட்டு, பெருமழை பெய்தால் எந்தத் தெருவில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் என்று ஓர் எண் எடுத்தாள். முப்பதுக்குக் கீழே பச்சை, அறுபது வரை மஞ்சள், அதற்கு மேலே சிவப்பு. நாற்பத்தொரு தெரு சிவந்துவிட்டது.

பொறியாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னம்மா இது, ஊரே பத்திக்கிட்டு எரியுற மாதிரி இருக்கு? ஜனங்க மிரண்டுடுவாங்க. சிவப்பைக் கொஞ்சம் குறைங்க."

"நம்பர் அப்படித்தான் சார் வருது."

"நம்பர்ல யாரு கை வைக்கச் சொன்னா? சிவப்பைத் தொண்ணூறுல ஆரம்பிங்க. அவ்வளவுதானே."

அவ்வளவுதான். திரையில் எண் போடும் பெட்டியில் அறுபதை அழித்துத் தொண்ணூறு என்று அடித்தாள். நாற்பத்தொன்று பதினேழு ஆனது. எண்பத்தைந்து என்று கணக்கு வந்த வாய்க்கால் பின்தெரு மஞ்சளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "மஞ்சள்: மிதமான பாதிப்பு" என்று கீழே எழுதினாள். முதலில் போட்டதை அழிக்க மனம் வராமல் தனியாகச் சேமித்து வைத்தாள். மனசுக்குள் ஏதோ நெருடியது. ஆனாலும் சாப்பாட்டு நேரம் வந்தது, சாப்பிடப் போய்விட்டாள்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. இரண்டாம் நாள் காலையில் கிளம்பிய மீட்புப் படகுகள் வரைபடத்தைப் பார்த்துச் சிவப்புத் தெருக்களுக்கு முதலில் போயின. வாய்க்கால் பின்தெருவுக்குப் படகு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி.

பத்து நாள் கழித்து ஒரு தையல்காரர் மாடியேறி வந்தார். கழுத்தில் அளவு நாடா. கையில், மழைக்கு முன்னால் வீடு வீடாகக் கொடுத்த அந்த வரைபடம், நான்காக மடித்தபடி. அதன் ஓரத்தில் வரைபடப் பிரிவு என்று போட்டிருந்ததால் கீழே இருந்தவர்கள் இங்கே அனுப்பிவிட்டார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று கலரக்கா எழுந்து நின்றாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்களது வாய்க்கால் பின்தெரு. மஞ்சள்னா என்னம்மா அர்த்தம்?"

அவள் திரையில் அந்தத் தெருவைத் தேடி எடுத்தாள். "உங்க தெருவுக்கு எண்பத்தஞ்சு சென்டிமீட்டர்ங்க."

அவர் நாடாவின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு எண்பத்தைந்தில் விரலை வைத்தார். விரல் இடுப்பருகே நின்றது. "எங்கப்பா படுத்த படுக்கைங்க. கட்டில் உயரம் நாப்பத்தஞ்சு. மிதமானதுன்னு போட்டிருக்கேன்னு வீட்டிலேயே வெச்சிக்கிட்டேன். தண்ணி ஏற ஏறத் துணி வெட்டுற மேஜை மேல தூக்கிப் படுக்க வெச்சேன். பகல் முழுக்க நனைஞ்சிக்கிட்டே கிடந்தார். நெஞ்சுல சளி கட்டி, மூணாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டார்." நாடாவைச் சுருட்டினார். "இடுப்பளவுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா எங்க அக்கா வீட்டுக்குக் கொண்டு போயிருப்பேன்."

அவர் போன பிறகு அவள் தனியாகச் சேமித்து வைத்திருந்த முதல் வரைபடத்தைத் திரையில் திறந்து பார்த்தாள்.

வெள்ள ஏற்பாடுகள் பற்றி விசாரணை வைத்தார்கள். "வாயைத் திறக்காதே. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு, நம்ம பாட்டைப் பார்ப்போம்" என்றார் பேருந்து நடத்துநரான அவள் வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனாலும் இரண்டு வரைபடங்களையும் அச்செடுத்து விசாரணை மேஜையில் அருகருகே வைத்தாள்.

பொறியாளர் சிரித்தார். "எண் மாறலையே. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"கட்டில்ல கிடக்கறவருக்குச் சாணும் முழமும்தான் சார் உயிரு" என்றாள். "சிவப்பு தொடங்குற கோட்டை நகர்த்தினது என் கைதான். சொன்னது நீங்க. ரெண்டு பேரையும் எழுதிக்கட்டும்."

எழுதிக்கொண்டார்கள். அறிக்கையில் அது "தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு" ஆயிற்று. பொறியாளருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் பிரிவுக்கு மாற்றல். அறுபது என்ற பழைய எல்லைக்கோட்டோடு வரைபடம் மறுபடி வெளிவந்தது. உடனே சிவப்பான தெருக்காரர்கள் திரண்டு வந்தார்கள். "சிவப்புன்னு போட்டுட்டீங்க, ஒருத்தனும் குடிவர மாட்டேங்கிறான்" என்று சான்றிதழ் மேஜையைச் சுற்றி நின்று திட்டினார்கள். எந்தக் கலரைப் போட்டாலும் யாரோ ஒருவர் வயிறு எரியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு மனு எழுதினாள். கலரோடு கலராக முழங்கால் அளவு, இடுப்பளவு, மார்பளவு என்று ஒவ்வொரு தெருவின் மேலும் எழுத வேண்டும் என்று. இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை, யார் கையெழுத்திட்டார்களோ, ஒப்புக்கொண்டார்கள்.

புது வரைபடம் அச்சாகி வந்த அன்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பின்தெருவுக்குப் போனாள். தையல் கடை பூட்டிக் கிடந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கறை அப்படியே இருந்தது. "அவரா? அவங்க அக்கா ஊருக்கே போயிட்டாரும்மா, எந்தத் தெருன்னு தெரியல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பிறகு வரைபடத்தை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு, "இது உங்க தெரு, படிச்சுப் பாருங்க" என்று காட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.