பின்கழுத்தில் ஒரு துண்டு டேப்

ஷா ஆலமில் கார் எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாளே, கழுத்திலும் கையிலும் கிடப்பதையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் கூடாது. குனிந்து பிஸ்டனைப் பொருத்தும்போது சங்கிலி தொங்கி, சிலிண்டரின் உள்சுவரில் கீறல் விழுந்தால் போதும், அந்த எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிடும். எல்லாவற்றையும் கழற்றினேன். தாலியை மட்டும் மாட்டேன் என்று சண்டை பிடித்தேன். மலாய்க்கார சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு, எனக்கு முன்பே அங்கே வேலை பார்த்த ஓர் அக்காவைக் கைகாட்டினார்.

அக்காதான் வழி சொன்னார். தாலியைச் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு சேர்த்து டேப் ஒட்டிவிட வேண்டும். சங்கிலி நழுவாமல் இருக்கப் பின்கழுத்திலும் ஒரு துண்டு. முன்னால் நாமே ஒட்டிக்கொள்ளலாம். பின்னால் ஒட்ட இன்னொரு கை வேண்டும். அன்றிலிருந்து உடைமாற்றும் அறையில் அவர் கழுத்துக்கு நான், என் கழுத்துக்கு அவர். அதற்குள் மாமியார், பிள்ளைகள், பாசாரில் மீன் விலை எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவோம். "மெதுவாலா அக்கா, இது கழுத்து, கதவு இல்ல" என்பேன். சாயங்காலம் பிய்க்கும்போது பூனைமுடியும் சேர்ந்து வரும். முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரிப்போம். எனக்கு உடன்பிறந்த அக்கா கிடையாது. இவர் இருந்ததால் அந்தக் குறையே தெரியாமல் வருடங்கள் ஓடின.

என் கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். பண்டமாரானில் எங்கள் வீட்டில், ஒரு நாள் காலை பசியாறிவிட்டு எழுந்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அவ்வளவுதான். மாரடைப்பு என்றார்கள்.

கருமக்கிரியை அன்று என் தாலியை இறக்கினார்கள். அக்கா வந்திருந்தார், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். தாலியை இறக்கும் நேரத்தில் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். சுமங்கலிகள் அதைப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். எனக்கு அதில் வருத்தமில்லை. நானும் பல வீடுகளில் அப்படி வெளியே போய் நின்றவள்தான்.

வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேலைக்குத் திரும்பினேன். பேக்டரி பஸ்ஸில் போகும்போது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் பார்க்கட்டும். அக்கா மட்டும் எப்போதும்போல என்னிடம் கழுத்தைக் காட்டி நிற்க வேண்டும். எனக்குத்தான் ஒட்ட ஒன்றுமில்லை, அவருக்கு இருக்கிறதே.

உடைமாற்றும் அறைக்குள் போனதும் டேப்பில் ஒரு துண்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா திரும்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீ ஏன்மா சிரமப்படுற. இன்னிக்குத்தானே வந்திருக்க, உக்காரு."

பிறகு, பக்கத்தில் காலணி மாட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண்ணிடம் முதுகைத் திருப்பி, கூந்தலைத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பெண் என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பாள். புதிதாக ஒரு துண்டு கிழித்து ஒட்டிவிட்டாள்.

மறுநாளும் அக்கா அவளிடம்தான் போனார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது. கேன்டீனில் எதிரே உட்கார்ந்து கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா, என் கை ஆகாதா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எனக்கு ஒன்னும் இல்லமா. வீட்ல அவருக்கு பைபாஸ் பண்ணியிருக்கு, உனக்குத்தான் தெரியுமே. பயமா இருக்குலா."

அவர் கண் கலங்கியிருந்தது. வெறுப்பாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். பயத்தை என்ன சொல்லித் திட்டுவது? நெஞ்சு வலித்தது. கணவர் போனபோது வலித்த அதே இடத்தில் வலித்தது.

அந்த மலாய்க்காரப் பெண்ணின் கணவன் போன வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். அக்காவும் நானும்தான் சேர்ந்து போய் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தோம். அவள் கழுத்தில் தாலி கிடந்ததில்லை, அதனால் அக்காவுக்கு அந்த நினைப்பே வரவில்லை போலும். ஞாபகப்படுத்தலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால், நாளைக்கு அவள் கையையும் தள்ளிவிடுவார். எதற்கு என்றுகூட அவளுக்குப் புரியாது. தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனேன்.