தேத்தண்ணி கொடுக்க முடியாத விருந்தாளி

ஜெகதீஸ்வரி பதினொரு செவ்வாய்க்கிழமை ஆதம்பாவா வீட்டுக்குப் போனாள். பதினொரு தரமும் வயிறு நிறைந்துதான் திரும்பினாள்.

தண்ணீரூற்று என்ற ஊரில் அவளுக்கிருந்த உத்தியோகம் பிறர் மனக்கவலையைக் கேட்பது. முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் நெல் விதைக்கும் வீட்டுப் பெண். கொஞ்சக் காலம் முன்பள்ளியில் படிப்பித்தாள். பிறகு மூன்று மாதப் பயிற்சி எடுத்து உளவளத்துணையாளர் ஆனாள். அது 2005ஆம் ஆண்டு. சுனாமிக் கடல் வந்துபோன கையோடு நிறுவனங்களும் வந்திருந்தன, அப்படியான வேலைகளும் வந்திருந்தன. உத்தியோகப் பெயர் வாயில் நுழையாததால் சனம் அவளைக் ‘கதை கேக்கிற பிள்ளை’ என்றது. கெட்டிக்காரி என்று சொல்ல அவசரப்படத் தேவையில்லை. பொறுமைசாலி என்பதுவரை ஒப்புக்கொள்ளலாம்.

ஆதம்பாவாவின் கவலை கண்ணுக்குத் தெரிந்த கவலை. அவர் தொண்ணூறாம் ஆண்டு ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் விரட்டப்பட்டுப் புத்தளத்தில் பதின்மூன்று வருசம் இருந்தவர். திரும்பி வந்து, வீட்டுக்குக் கூரை போட்டு, புது அலுமாரியும் வாங்கிவிட்டார். அலுமாரி வெறுமையாக நின்றது. சாமான்கள் முழுக்க மூன்று பெட்டிகளில், கயிறு போட்டுக் கட்டியபடி இருந்தன. உடுக்கச் சாரம் வேண்டுமென்றால் கயிற்றைத் தளர்த்தி, கையை உள்ளே விட்டு ஒன்றை இழுத்தெடுத்து, திரும்பவும் இறுக்கிக் கட்டுவார். அப்படியே இரண்டு வருசம்.

மனைவி ஹவ்வா உம்மா தவணை சொல்லிவிட்டா. “நோன்புத் தலைப்பிறைக்கு முந்தி இந்தப் பெட்டியள் அவிழ வேணும். இல்லாட்டி நான் புத்தளத்துக்கு றிஸ்பா வீட்டுக்குப் போயிருவன். பிறகு என்னைத் தேடி வர வேணாம்.”

வெருட்டுவதற்காகச் சொன்ன சொல்லல்ல. மகள் றிஸ்பா அங்கே ஓர் அறையை ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஜெகதீஸ்வரி போய் இருந்ததும், ‘நானா’ என்று அண்ணன் முறை சொல்லி, “பெட்டியை ஏன் நானா அவிழ்க்கிறேல்லை?” என்று கேட்பாள்.

“சொல்லுறன், சொல்லுறன். இருங்கோ பிள்ளை, முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ.”

தேத்தண்ணிக்குப் பின்னால் இனிப்புக்குத் தொதல் வரும். தொதலுக்குப் பின்னால், தொதல் கிண்டும் விதம் வரும். ஒரு மணித்தியாலம் முடிந்ததும் அவள் கோப்பில் ‘ஒத்துழைப்பு நன்று’ என்று எழுதுவாள். தொதலைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

பன்னிரண்டாம் கிழமை நிறுவனம் ஒரு புது ஒழுங்கு செய்தது. புதுக்குடியிருப்பில் கூரைமேல் வெள்ளைத் தட்டுப் பூட்டிய ஒரு கணினி நிலையம். அங்கேயிருந்து கொழும்பிலுள்ள டொக்டர் மயில்வாகனத்தோடு முகம் பார்த்துக் கதைக்கலாம். பென்சன் எடுத்த மனநல வைத்தியர் அவர். ஜெகதீஸ்வரிக்கு மனம் ஒப்பவில்லை. கை தொடும் தூரத்தில் இருந்து கேட்டே வராத கதை, கண்ணாடிக்குள்ளால் வருமா? ஆனாலும் ஆதம்பாவாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள்.

மனுசன் ஒரு பிளாஸ்கோடு வந்தார். கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்து, டொக்டரின் முகம் திரையில் தெரிந்ததும் சலாம் சொல்லி, ஒரு கோப்பையில் தேத்தண்ணி வார்த்துத் திரைக்கு முன்னால் வைத்தார்.

“நானா, அவர் கொழும்பில இருக்கிறார். எப்பிடிக் குடிக்கிறது?”

ஆதம்பாவா கோப்பையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். உபசரிக்க ஒரு வழியும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். டொக்டரின் வாய் முதலில் அசைந்தது, குரல் பிறகு வந்தது. “சொல்லுங்கோ. ஏன் அவிழ்க்கிறேல்லை?”

“அடுக்கினா போக வேண்டி வரும் டொக்டர்.”

பிறகு நிற்காமல் வந்தது. தொண்ணூறில் புது வீடு கட்டி, அவரும் ஹவ்வா உம்மாவும் இரண்டு நாளாக அலுமாரியில் சாமான் அடுக்கினார்கள். கடைசிச் சட்டையை மடித்து வைத்த அன்று பின்னேரம்தான் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லி இயக்கம் அறிவித்தது. புத்தளத்தில் ஓலைக்கொட்டிலுக்கு பலகையில் ராக்கை அடித்துச் சாமான் அடுக்கினார். அந்தக் கிழமையே கொட்டில் எரிந்துபோனது, ஒரு பெட்டிச் சாமானைத்தான் காப்பாற்ற முடிந்தது. “ரெண்டு தரம் காட்டிப்போட்டுது. மூண்டாந்தரமும் நான் மடையனாகலாமோ?” என்று கேட்டுவிட்டு, சால்வையால் முகத்தைப் பொத்தினார்.

பக்கத்துக் கதிரையில் ஜெகதீஸ்வரி அத்தனையையும் கோப்பில் எழுதிக்கொண்டாள். பதினொரு கிழமையில் கேளாததை, விட்டுவிட்டு வரும் ஒரு குரல் அரை மணித்தியாலத்தில் கேட்டுவிட்டதே!

பஸ்ஸில் அவள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். “எனக்கு ஏன் நானா சொல்லேல்லை?”

“உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? வீட்டுக்கு வந்த ஆளைக் கவனிக்கிறதோ, அழுறதோ? பாவம், வெயில்ல சைக்கிள் மிதிச்சு வாறீங்கள்.”

“நான் உங்களைக் கவனிக்க வாறனெண்டெல்லோ நினைச்சன்.”

“நாங்களும் உங்களைக் கவனிக்கிறமெண்டுதான் நினைச்சம்,” என்றார் ஆதம்பாவா.

டொக்டர் ஒரு வேலை கொடுத்திருந்தார்: ஒரேயொரு பெட்டியை அவிழ்த்து அடுக்குங்கோ. அடுத்த நாள் விடியவும் நீங்கள் அங்கேயே இருக்கிறீங்களா என்று பாருங்கோ. அடுத்த கிழமை திரையில் கேட்டபோது, “ஓம் டொக்டர், அடுக்கிப்போட்டன். ஒரு பயமுமில்லை,” என்றார் ஆதம்பாவா. டொக்டருக்குச் சந்தோசம். ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று எழுதி அனுப்பினார். இனி வீடுவீடாகப் போகத்தான் வேண்டுமா என்று நிறுவனம் யோசிக்கத் தொடங்கியது.

தலைப்பிறைக்கு எட்டு நாள் இருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெகதீஸ்வரி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் படலையிலேயே ஹவ்வா உம்மா பிடித்துக்கொண்டா.

“அடுக்கினவராமோ? எங்க அடுக்கினவர், கனவிலயோ?”

உள்ளே மூன்று பெட்டியும் கட்டியபடி இருந்தன. ஆதம்பாவா தலையைச் சொறிந்தார். “அவர் வந்து பாக்கமாட்டார்தானே பிள்ளை. நல்ல மனுசன். மனசு நோகப் பண்ண விருப்பமில்லை.”

கண்ணாடிக்குள் இருப்பவருக்குப் பழைய உண்மையைச் சொல்வது லேசு. இன்றைய பொய்யைச் சொல்வதும் அதேயளவு லேசு. வீட்டுக்குள் வந்து இருப்பவளிடம் இரண்டுமே பாடு. பெட்டி அவள் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. இதில் எது மேல் என்று ஜெகதீஸ்வரி தராசு பிடிக்கவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்று சொன்னாள். முதல் தடவையாகச் சொன்னாள், கதிரையில் இராமல் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு சொன்னாள்.

“அடுக்கினா போக வேணும். சரி. எப்ப?”

“அடுத்த நாள். கூடினா அந்தக் கிழமைக்குள்ள.”

“அப்ப இண்டைக்கு அடுக்குவம். நாளைக்கு நான் வாறன். போக வேண்டி வந்தா நானே சாமான் கட்டித் தாறன். இந்தக் கிழமை முழுக்க வருவன்.”

“நாளைக்குப் புதனெல்லோ?”

“புதன்ல சைக்கிள் ஓடாதோ?”

அவர் சிரித்தார். முடிச்சில் கை வைத்தார். இரண்டு வருசமாக இறுக்கிய முடிச்சு, நகத்துக்கு மசியவில்லை. ஹவ்வா உம்மா குசினியிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து நீட்டினா. அவர் கயிற்றை அறுத்தார். ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தார், ஹவ்வா உம்மா அலுமாரிக்குள் வைத்தா. ஒரு பெட்டி முடிந்தது. மற்ற இரண்டையும் அவர் தொடவில்லை, தொடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

புதன்கிழமை காலை அவள் போய்ச் சேருமுன்பே ஆதம்பாவா படலையில் நின்றார். நித்திரை கொள்ளாத முகம். தூரத்திலிருந்தே கத்தினார்: “இஞ்சதான் இருக்கிறம் பிள்ளை!”

வியாழனும் இருந்தார்கள். வெள்ளியும் இருந்தார்கள். திங்கட்கிழமை விடியவும் இருந்தார்கள். அன்று ஹவ்வா உம்மா கடையடிக்குப் போய்ப் புத்தளத்துக்கு ரெலிபோன் எடுத்தா.

“அந்த அறையில பிள்ளையளைப் படுக்க விடு றிஸ்பா,” என்றா. “பெருநாளைக்கு நீ இஞ்ச வா. அவிழ்த்த பெட்டிக்குள்ள உன்ர சின்ன வயசுச் சட்டை ரெண்டு கிடந்தது. மடிச்சு அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறன்.”