தண்ணீரின் மேல் ஓடிய தீ

டீசல் வாடை லேசில் துணியை விட்டுப் போகாது. பெட்ரோல் சிந்தினால் சற்று நேரத்தில் காற்றோடு போய்விடும். டீசலோ பிசுபிசுவென்று தரையில் கிடந்து, மிதித்தவர் காலோடு அடுக்களை வரைக்கும் வந்துவிடும். கடலூர்க் கரையைப் புயல் புரட்டிப் போட்டுவிட்டுப் போன அந்த மார்கழியில், சிதம்பரத்தில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். அம்மா பரிமாறிய சோற்றிலும் அடித்தது.

மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மாடியில் தொட்டி இருந்தும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தவித்த வீடுகளுக்கு, "குட்டி யானை" என்று நாங்கள் சொல்லும் சின்ன லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து, மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிக் கொடுப்பார்கள். எங்கள் தெருவுக்கு அப்படி வந்தவர் அம்மாவின் தம்பி சலீம் மாமா. சவூதியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. புறப்படச் சில வாரங்களே இருந்தன. சும்மா இருப்பானேன் என்று, திட்டக்குடிப் பக்கத்துப் பந்தல்காரர் ஒருவரின் பழைய ஜெனரேட்டரைக் கொண்டுவந்திருந்தார்.

டீசலைப் பிளாஸ்டிக் கேன்களில் வாங்கி வந்து எங்கள் நடையில் அடுக்கினார். மெழுகுவத்தி எரிகிற வீட்டில் இதுவா என்று அம்மா தடுத்தாள்.

"ஏன்க்கா பயப்படுற? இது என்ன பெட்ரோலா?" என்ற மாமா, ஒரு தகர மூடியில் டீசலை ஊற்றி, எரிகிற தீக்குச்சியை அதில் போட்டார். குச்சி சுர்ரென்று அணைந்தது. வித்தை பார்த்த சந்தோஷத்தில் நான் கைதட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. "மூடியில கெடக்கறப்ப அணையும்டா. துணியில ஊறுனா? சூட்டுல பட்டா? ஸ்டவ்வு திரியில மண்ணெண்ண எப்டி எரியிது?"

"ஒனக்கு எப்பவுமே பயம் ஜாஸ்திக்கா."

அம்மா சொன்ன துணியும் சூடும் அந்த ஜெனரேட்டரிலேயே இருந்தன. நிறுத்தினால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும் என்பதால், அதை ஓடவிட்டபடியே டீசல் ஊற்றுவது மாமாவுக்கு வழக்கமாகிவிட்டது. சிந்துவதை உறிஞ்சட்டும் என்று சுற்றிலும் கோணிச் சாக்குகளைப் போட்டு வைத்திருந்தார். நாளாக ஆகச் சாக்குகள் கறுத்துக் கனத்தன. காத்திருந்த வீடுகளோ குறைகிற வழியாக இல்லை. "தம்பி, எங்க வூட்டுக்கு எப்பப்பா வருவ?" என்று யாராவது கேட்டால் அவருக்குக் கை பரபரக்கும். அந்த நல்ல மனசே வினையாக வந்தது.

அன்று எதிர்வீட்டுத் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. பெண்களும் பிள்ளைகளும் குடங்களோடு வண்டியை ஒட்டி நின்றிருந்தோம். மாமா டீசல் ஊற்றும்போது புனல் சரிந்து, கொதிக்கிற சைலன்சர் மேல் டீசல் வழிந்தது. முதலில் வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணைக் கரித்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சாக்கு பற்றிக்கொண்டது.

எதிர்வீட்டு அக்கா பதறிப்போய், காலையிலிருந்து காத்திருந்து பிடித்த குடத் தண்ணீரை அப்படியே அதன் மேல் கொட்டினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். டீசல் தண்ணீரின் மேல் மிதந்தது. தீயும் அதன் கூடவே மிதந்து, வண்டியிலிருந்து வழிந்து நாங்கள் நின்ற பக்கம் ஓடி வந்தது. இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கால் கூசுகிறது.

"தண்ணி ஊத்தாதீங்க! மண்ண அள்ளிப் போடுங்க!" என்று அம்மா கத்தினாள். அதற்குள் வண்டி ஓரத்தில் இருந்த கேன் பற்றி, உருகத் தொடங்கியிருந்தது. அது சரிந்தால் எங்கள் தலையில்தான் விழும். மாமா அதை இரண்டு கைகளாலும் வாரித் தூக்கிக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த காலி மனைக்கு ஓடி வீசினார். மிச்சத் தீ மண்ணில் அடங்கியது. எங்களில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. உருகிய பிளாஸ்டிக் அவர் உள்ளங்கைகளிலும் விரல்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

புண் ஆறியது. பயணத்துக்காகக் கைரேகை வைக்கப் போன மாமா முகம் வாடித் திரும்பி வந்தார். எந்த விரலை வைத்தாலும் இயந்திரத்தில் ரேகை விழவில்லையாம். அவர் சவூதிக்குப் போகவே இல்லை.

இப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. புயல் அடித்தாலும் குட்டி யானையில் ஜெனரேட்டர் வருவதில்லை. போன வாரம் மாமாவோடு ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். "பாய், வேற வெரலு வைங்க," என்றார் கடைக்காரர். கைலியில் துடைத்துத் துடைத்து மாமா ஒவ்வொரு விரலாக வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். மாமா திரும்பி, "கொஞ்சம் பொறுத்துக்குங்க, என்னாலதான் லேட்டாவுது," என்றார். அன்று அவர் அந்தக் கேனைத் தூக்கியிராவிட்டால், அந்த வரிசையில் நான் நின்றிருக்கவே மாட்டேன்.